உத்தரத்தில் ஏறும் எண்: ஐஸ் ஹாக்கி நாயகர்களை வரிசைப்படுத்துவதும் ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு தருவதும்

என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகின் பழைய அணிகளுடைய அரங்குகளில், பனித்தளத்துக்கு மேலே உத்தரத்தில் வரிசையாகப் பதாகைகள் தொங்கும். சில பதாகைகளில் லீகின் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையை அணி வென்ற ஆண்டுகள் இருக்கும். மற்றவற்றில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும். அந்த எண்ணை அந்த அணியில் இனி எவரும் அணியமாட்டார் என்பது பொருள். எந்தப் பெயர் மேலே ஏறவேண்டும் என்ற விவாதம் ரசிகர் கூட்டங்களிலும் அணி நிர்வாகங்களிலும் ஆண்டுதோறும் நடக்கிறது. அதை ஒழுங்காக நடத்தி ஒரு முடிவுக்குக் கொண்டுவர விரும்பும் ரசிகர் மன்றத்துக்கோ, கழகக் குழுவுக்கோ, சொந்தமாகப் பட்டியல் போட்டுப் பார்க்க நினைக்கும் தனி ரசிகருக்கோ உதவும்படி இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனித் தாள்களில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த அணிக்காக ஆடியவர்களில் யார் யாரைவிடச் சிறந்தவர் என்பது முதல் கேள்வி. இன்னாருடைய எண்ணை வேறொருவர் அணிந்து பனியில் இறங்கினால் அரங்கில் இருப்பவர்களுக்கு உறுத்துமா என்பது இரண்டாவது. முன்னதற்கு விடை வரிசைப் பட்டியல். பின்னதற்கு விடை பதாகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

வேறுபாட்டை விளக்க வில்லி ஓ'ரீ ஒருவரே போதும். 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணிக்காகக் களமிறங்கி, என்.எச்.எல். ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். அவர் ஆடியவை மொத்தம் 45 ஆட்டங்கள். அடித்தவை 4 கோல்கள், உதவியவை (சக வீரரின் கோலுக்குப் பந்தனுப்பியது போல வட்டை அனுப்பியவை) 10. எந்த நேர்மையான வரிசையிலும் ப்ரூயின்ஸின் முதல் நூறு பேரில்கூட அவர் வரமாட்டார். ஆனாலும் 2022 ஜனவரி 18 அன்று அவருடைய 22-ஆம் எண்ணுக்கு அந்த அணி ஓய்வு கொடுத்தது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. வரிசைக்குப் புள்ளிவிவரம் வேண்டும். பதாகைக்கு அதைத் தாண்டிய ஒரு காரணமும் இருக்கலாம்.

முதலில் வரிசை

இந்தச் சட்டையில் செய்தது மட்டுமே கணக்கு என்ற விதியோடு தொடங்குங்கள். வேய்ன் கிரெட்ஸ்கி 894 கோல்களும், கோலும் உதவியும் சேர்ந்த கணக்கில் 2,857 புள்ளிகளும் எடுத்த வீரர். ஆனால் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணிக்காக 1996-இல் அவர் ஆடியவை 18 லீக் ஆட்டங்களும் அதைத் தொடர்ந்த ப்ளே-ஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்று) ஆட்டங்களுமே. எனவே எட்மண்டன் ஆயிலர்ஸின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ப்ளூஸின் பட்டியலில் ஓர் அடிக்குறிப்பு மட்டுமே. இந்த விதியைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளாத குழு, பத்தாவது இடத்துக்கு வரும்போது நிச்சயம் தடுமாறும்.

அடுத்தது காலக்கணக்கு, இதில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும். ஒரு பருவத்தின் நீளம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: 1944-45-இல் 50 ஆட்டங்கள், 1949-50 முதல் 70, 1995-96 முதல் 82. கோல் விழும் வேகமும் அப்படியே. 1981-82-இல் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக 8 கோல்களுக்குச் சற்று மேல் அடித்தன. 2003-04-இல் அந்தச் சராசரி 5-ஐச் சற்றே தாண்டியது. ஆகவே எண்பதுகளில் ஒருவர் எடுத்த 100 புள்ளிகளையும் 2003-இல் இன்னொருவர் எடுத்த 80 புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. எளிய வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு வீரரும் அந்தந்தப் பருவத்தில் லீக் முழுவதிலும் எத்தனையாவது இடத்தில் இருந்தார் என்று பாருங்கள். தம் காலத்து முதல் பத்துப் பேரில் எத்தனை முறை வந்தார் என்பது, எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைவிட நேர்மையான அளவுகோல். அதிலும் விதிவிலக்கைக் கவனிக்கவேண்டும்: மாரிஸ் ரிச்சர்ட் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்த 1944-45 பருவத்தில் வீரர்கள் பலர் போருக்குப் போயிருந்தனர். அதனால் அந்தச் சாதனை சிறுத்துவிடாது. அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவையுங்கள்.

கோல் காப்பாளர்களை ஒப்பிடும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. 2005-06 முதல் ஆட்டங்கள் சமனில் முடிவதில்லை. கூடுதல் நேரத்திலும் முடிவு வராவிட்டால் பெனால்டி ஷூட்-அவுட் தீர்மானிக்கிறது. இதனால் முன்பு சமன் என்று எழுதப்பட்ட ஆட்டங்கள் இப்போது யாரோ ஒருவரின் வெற்றிக் கணக்கில் சேர்கின்றன. நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் பெற்ற 459 வெற்றிகள் முழுவதும் இந்த மாற்றத்துக்குப் பிந்தையவை. அவருடைய 30-ஆம் எண் 2022 ஜனவரி 28 அன்று மேலே ஏறியது மிகப் பொருத்தமே; ஆனால் அந்த 459-ஐ அறுபதுகளின் காப்பாளர் ஒருவருடைய வெற்றிகளோடு அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது.

விருதுகளை எண்ணும்போது அவை பிறந்த ஆண்டைப் பாருங்கள். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை முதன்முதலாக வழங்கப்பட்டது 1954-இல். ப்ளே-ஆஃப் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பை 1965-இல். மான்ட்ரியாலின் டக் ஹார்வி நாரிஸை ஏழு முறை வென்றார். பாஸ்டனின் எடி ஷோர் ஒரு முறைகூட வெல்லவில்லை, ஏனெனில் அவர் ஆடியபோது அப்படியொரு விருதே இல்லை. அவருக்கு இருப்பவை லீகின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பைகள் நான்கு. விருதுகளை எண்ணிக் கூட்டிப் பார்ப்பவர் ஷோரைக் கீழே தள்ளிவிடுவார்.

ஸ்டான்லி கோப்பைகளுக்கும் இதே கதைதான். 1942 முதல் 1967 வரை லீகில் ஆறே அணிகள், இன்று 32. ஆறில் ஒன்றாக வெல்வதும் முப்பத்திரண்டில் ஒன்றாக வெல்வதும் ஒரே எடையல்ல என்று சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறு அணிகளுக்குள் இடம் பிடிப்பதே எத்தனை கடினம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கோப்பை எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், வென்ற ஆண்டில் அந்த வீரர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை.

டொரொண்டோவை வைத்து ஒரு கணக்கு

இவ்வளவையும் ஓர் உண்மையான அணியில் பொருத்திப் பார்ப்போம். டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் நூற்றாண்டை ஒட்டி 2016-இல் அதன் தலைசிறந்த நூறு வீரர்கள் வரிசைப்படுத்தப்பட்டனர். (அந்நகரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் இது வீட்டுச் சண்டைதான்.) முதலிடம் டேவ் கியோனுக்குப் போனது.

புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்திருப்பவருக்கு இது விளங்காது. அணிக்காக மிக அதிகப் புள்ளி எடுத்தவர் ஸ்வீடனின் மாட்ஸ் சுந்தீன்: 981 ஆட்டங்களில் 420 கோல், 567 உதவி, ஆக 987 புள்ளிகள். கியோன் 1,062 ஆட்டங்களில் 858 புள்ளிகள். சுந்தீன் ஆடிய காலத்தில் கோல்கள் குறைந்திருந்தன என்பதையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி இன்னும் கூடும். ஆனால் கியோன் 1962, 1963, 1964, 1967 என நான்கு கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தார். 1967-இல் கான் ஸ்மைத் கோப்பை அவருக்கே கிடைத்தது. அதைப் பெற அவர் எடுத்தவை 12 ப்ளே-ஆஃப் ஆட்டங்களில் வெறும் 8 புள்ளிகள். எதிரணியின் சிறந்த நடுக்களத் தாக்குதல் வீரர்களை அடக்கியதற்காகவே விருது வந்தது. கோல் போடாமல் தடுத்தவரின் மதிப்பு எந்தப் பட்டியலிலும் எளிதில் தெரியாது.

இவர்கள் இருவரோடு சில் ஆப்ஸையும் டெட் கென்னடியையும் சேர்த்துப் பாருங்கள். ஆப்ஸ் 423 ஆட்டங்களில் 201 கோல் அடித்தார்; மூன்று கோப்பைகள்; இடையில் இரண்டு பருவங்களைக் கனடா இராணுவத்துக்குக் கொடுத்தார். அந்த இரண்டு பருவங்களை எப்படிக் கணக்கிடுவது? ஆடியிருந்தால் என்ன அடித்திருப்பார் என்று கற்பனை செய்து கூட்டவேண்டாம். ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவு என்பதற்காக அவரைக் கழிக்கவும் வேண்டாம். கென்னடி தம் ஆட்டங்கள் அனைத்தையும் இந்த அணிக்கே ஆடி ஐந்து கோப்பைகளில் பங்குபெற்றார். பிறகு போரிய சால்மிங்: கோப்பை ஒன்றுகூட இல்லை, ஆனால் 1973-இல் ஸ்வீடனிலிருந்து வந்து, ஐரோப்பியர் இந்த முரட்டு லீகில் தாக்குப்பிடிக்கமாட்டார் என்ற பேச்சைப் பதினாறு பருவங்களில் முடித்துவைத்தவர். லீஃப்ஸ் அணிக்காக அதிக உதவிகள் செய்தவரும் அவரே, 620.

என் வரிசையில் கென்னடி முதலாவதாக வருகிறார், கியோன் இரண்டாவதாக. நீங்கள் மாற்றி எழுதலாம். முக்கியமானது செய்முறை: ஒன்று முதல் இருபது வரை நேராக எண் போடாதீர்கள். முதலில் மூன்று அடுக்குகளாகப் பிரியுங்கள்; அடுக்கின் விளிம்பில் நிற்பவர்களை மட்டும் இருவர் இருவராக எதிரெதிரே வைத்து வாதிடுங்கள். குழுவாகச் செய்தால் ஒவ்வொருவரும் தம் பட்டியலை எழுதிக் கொடுத்த பிறகே பேச்சைத் தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் குரல் பெரியவர் போட்ட வரிசையே கடைசியில் அனைவருடையதாகிவிடும். தாம் சிறுவயதில் பார்த்த வீரரை எல்லோரும் இரண்டு படி மேலே வைப்பார்கள் என்பதால், குழுவில் குறைந்தது மூன்று தலைமுறையினர் இருப்பது நல்லது.

பிறகு பதாகை

பெயரைப் பேசுவதற்கு முன் கொள்கையை எழுதுங்கள். லீகில் அணியக்கூடிய எண்கள் 1 முதல் 98 வரை மட்டுமே. 99-ஐ கிரெட்ஸ்கிக்காக 1999-இல் லீக் முழுவதும் நிறுத்திவிட்டார்கள். பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோர் வருவார்கள். மான்ட்ரியால் கனேடியன்ஸ் ஏற்கெனவே 15 எண்களை 18 வீரர்களுக்காக எடுத்து வைத்துவிட்டது. 5, 12, 16 ஆகிய எண்கள் இருவர் இருவருக்காக ஓய்வு பெற்றவை என்பதால்தான் எண்ணிக்கை அத்தோடு நின்றது. பெருமை மிகுந்த அணிக்கு எண் பஞ்சம் என்பது வேடிக்கைப் பேச்சல்ல.

லீஃப்ஸ் இதற்கு நெடுங்காலம் வேறொரு வழி வைத்திருந்தது. ஓய்வு என்பது வாழ்க்கையே அறுந்துபோன இருவருக்கு மட்டும்; மற்றவர்களின் எண் மதிப்புக்குரிய எண் என்று பதாகையில் ஏறும், ஆனால் இளையவர் ஒருவர் அதை அணியலாம். அந்த இருவரில் முதல்வர் ஏஸ் பெய்லி. 1933 டிசம்பர் 12 அன்று பாஸ்டனில் எடி ஷோர் பின்னாலிருந்து மோதியதில் மண்டையோடு உடைந்து அவர் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. 1934 பிப்ரவரி 14 அன்று அவருக்காக நிதி திரட்ட நடந்த ஆட்டத்தில் அவருடைய 6-ஆம் எண்ணுக்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது. லீகின் வரலாற்றில் இதுவே முதல் முறை. அன்று பெய்லி ஷோருடன் கைகுலுக்கினார். இன்னொருவர் பில் பாரில்கோ: 1951-இல் கூடுதல் நேரத்தில் கோப்பையை வென்ற கோலை அடித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் விமானத்தோடு காணாமல் போனவர். சிதைவு கிடைத்தது 1962-இல்.

இந்தக் கொள்கை கேட்க அழகாக இருந்தது. ஆனால் கியோனுக்குப் பிடிக்கவில்லை. அப்போதைய உரிமையாளர் ஹெரால்ட் பல்லார்டுடன் ஏற்பட்ட கசப்பில் 1975-இல் அணியை விட்டுப் போனவர், எண்ணைக் கௌரவிப்பதென்றால் முழுமையாக ஓய்வு கொடுக்கவேண்டும் என்ற நிலையிலேயே பல பத்தாண்டுகள் விலகி நின்றார். 2016 அக்டோபர் 15 அன்று அணி தன் கொள்கையையே மாற்றி, மதிப்புக்குரிய எண்கள் அனைத்துக்கும் கியோனின் 14-க்கும் சேர்த்து ஓய்வு அளித்தது. எனவே நடுவழிக் கொள்கையைத் தேர்ந்தெடுத்தால், அதை யாருக்காக உருவாக்குகிறீர்களோ அவர்களிடமே முதலில் கேளுங்கள்.

நடுவழி எல்லா இடத்திலும் தோற்றுப்போவதில்லை. கோல் காப்பாளர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு விடைபெற்றபோது, 2024 ஆகஸ்டில் ஹாக்கி இந்தியா அவருடைய 16-ஆம் எண்ணை மூத்தோர் அணியில் மட்டும் நிறுத்தியது. இளையோர் அணியில் அது தொடர்கிறது. ஆட்டம் வேறு, களம் வேறு என்றாலும் இந்த யோசனை எந்தக் கழகத்துக்கும் பொருந்தும்.

அடுத்து, அந்த எண்ணை இப்போது அணிந்திருப்பவரிடம் பேசுங்கள். இதை மறந்துவிடும் நிர்வாகங்கள் உண்டு. 2016-இல் சால்மிங்கின் 21 ஓய்வு பெற்றபோது அதை அணிந்திருந்த ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக் 25-க்கு மாறினார். ஆனால் இந்தக் காரியத்தை எப்படிச் செய்யவேண்டும் என்பதற்கு முன்மாதிரி பாஸ்டன்தான். 1987 டிசம்பர் 3 அன்று ஃபில் எஸ்பொசிட்டோவின் 7-க்கு ஓய்வு விழா நடந்தது. அந்த எண்ணை 1979 முதல் அணிந்திருந்தவர் தடுப்பாட்டக்காரர் ரே போர்க். விழா நடுவில் போர்க் எஸ்பொசிட்டோவிடம் சறுக்கிச் சென்று தம் மேல் ஜெர்சியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். உள்ளே 77 என்ற எண் இருந்தது. அந்த 77 பின்னர் 2001-இல் போர்க்கின் பெயராலேயே மேலே ஏறியது. எண்ணைக் கொடுப்பவருக்குப் பெருமை மிஞ்சும்படி விழாவை அமையுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கம் உண்டு. 1968-இல் ரான் எல்லிஸின் ஆட்டத்தை மெச்சிய பெய்லி, ஓய்வில் இருந்த தம் 6-ஐ எல்லிஸ் அணியவேண்டும் என்று தாமே கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற எண்ணை மீட்கும் உரிமை அதன் சொந்தக்காரருக்கு மட்டுமே என்று உங்கள் விதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

எப்போது செய்வது? அவசரமும் ஆபத்து, தாமதமும் ஆபத்து. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 1997 நவம்பரில் மாரியோ லெமியூவின் 66-ஐ ஏற்றியது. 2000 டிசம்பர் 27 அன்று அவர் ஆட்டத்துக்குத் திரும்பியதால் பதாகையை இறக்கவேண்டியதாயிற்று. இது சிரித்துக்கொண்டே தீர்க்கக்கூடிய சிக்கல். தாமதத்தின் சிக்கல் அப்படிப்பட்டதல்ல. பெர்னி ஜெஃப்ரியோனின் 5-க்கு மான்ட்ரியால் 2006 மார்ச் 11 அன்று விழா குறித்திருந்தது. அன்று காலை அவர் இறந்துபோனார். விழா குடும்பத்தின் முன்னிலையில் நடந்தது. அவருடைய மாமனார் ஹவி மொரென்ஸின் 7-க்குப் பக்கத்தில் 5 ஏறியது. மொரென்ஸுக்கும் 1937-இல் இறந்த பிறகே அந்த மரியாதை கிடைத்தது. வீரர் உயிரோடு இருக்கும்போதே, நடந்து வந்து நிமிர்ந்து பார்க்கும் வயதிலேயே செய்துவிடுங்கள். ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் காத்திருந்தால் திரும்பி வரும் வாய்ப்பும் குறையும், ஹாக்கி புகழ்மன்றத்தின் முடிவும் தெரிய ஆரம்பிக்கும்.

கோபத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். செர்கே ஃபெதோரோவ் டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு மூன்று கோப்பைகள் வென்று கொடுத்த அணிகளில் இருந்தவர், 1994-இன் ஹார்ட் கோப்பை வென்றவர்; 2003-இல் அணியை விட்டுப் போன விதம் பலருக்குப் பிடிக்கவில்லை. 2015-இலேயே புகழ்மன்றம் ஏறியவரின் 91-க்கு விழா என்று அணி அறிவித்தது 2025-இல்தான். வீரர் போன விதம் வரிசைப் பட்டியலில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்காது. பதாகையில் மட்டும் ஏன் குறைக்கவேண்டும்?

அணி ஊர் மாறியிருந்தால் முன்கூட்டியே தீர்மானியுங்கள். கியூபெக் நோர்டிக்ஸ் 1995-இல் கொலராடோவுக்குப் போய் அவலாஞ்ச் ஆனபோது, பழைய ஊரில் ஓய்வு பெற்ற எண்கள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன. பீட்டர் ஸ்டாஸ்னியின் 26-ஐ அங்கே பிறகு அணிந்தவர்களில் ஒருவர் அவருடைய மகன் பால். இது நல்வாய்ப்பு, எல்லாருக்கும் மகன் வந்து எண்ணைக் காப்பாற்றமாட்டான்.

விழா நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிரணியாக அந்த வீரர் ஆடிய இன்னொரு அணியையோ பழைய பகையணியையோ தேர்ந்தெடுங்கள். உரைகளைச் சுருக்குங்கள், ஏனெனில் இரண்டு அணிகளும் உடல் சூடு ஆறிப்போய்க் காத்திருக்கும். உடன் ஆடியவர்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். பதாகையின் கயிற்றைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள்.

மறுநாள் காலையில் முடிவை எழுத்தில் பதிந்து, ஜெர்சிகளைப் பராமரிப்பவரின் கையிலும் கழகத்தின் அதிகாரபூர்வக் கையேட்டிலும் சேர்த்துவிடுங்கள். டெட்ராய்டின் லாரி ஆரி இரண்டு கோப்பைகள் வென்ற வீரர். 1938-இல் அப்போதைய உரிமையாளர் ஜேம்ஸ் நாரிஸ் அவருடைய 6-க்கு ஓய்வு கொடுத்தார். உரிமையாளர்கள் மாறினார்கள், அரங்குகளும் மாறின. இன்று ரெட் விங்ஸ் 6-ஐ எவருக்கும் கொடுப்பதில்லை. கோர்டி ஹவ்வின் 9-க்கும் ஸ்டீவ் ஐசர்மனின் 19-க்கும் பக்கத்தில் அதற்கொரு பதாகையும் இல்லை.